கலிகுலாவுக்குக் கிடைத்த விசாரணை

என் பிரியமான அமுதா அக்காவுக்கு,

கலிகுலாவுக்குக் கொடுத்த நியாயத்தை நீ தனகோட்டிக்குக் கொடுக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு ரோமாபுரிச் சக்கரவர்த்திக்காக வருஷக்கணக்கில் சாட்சி தேடினாய். நம் ஏரி மதகைத் திறந்து மூடிக்கொண்டிருந்த மனுஷன் உயிரோடு உன் எதிரில் நின்றார். அவர் கதையை ஒரே பேச்சில் முடித்துவிட்டாய்.

இதைத் திட்டுவதற்காக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. அழுது முடித்தாயிற்று. இனி பேசலாம் என்று தோன்றுகிறது.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் புத்தகம் அச்சாகிவிட்டது. நீ பெயர் வைக்காமலே போனதால், காலேஜில் உன்னோடு வேலை பார்த்த மேரி மேடம் வைத்தார். ‘ரோமாபுரித் தலைவர்கள்: குணமும் தீர்ப்பும்.’ அட்டையில் உன் பெயர் பெரிதாகவே இருக்கிறது. ஒரு மூக்குடைந்த சிலையின் படம் போட்டிருக்கிறார்கள். அது யார் என்று கேட்டேன். யாரென்று உறுதியாகத் தெரியாத தலை என்றார் மேரி மேடம். உனக்குப் பிடித்திருக்கும்.

அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க ஆள் வேண்டியிருந்தது. “உங்க அக்கா கையெழுத்து உங்களுக்குத்தான் தம்பி புரியும்” என்று என் தலையில் கட்டினார். நான் டிப்ளமா படித்தவன். நீ நோயில் படுத்த பிறகு ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, இப்போது அறுப்பு மெஷின் ஓட்டுகிறேன். நீரோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பிடில் மட்டும்தான். மெஷின் நிழலில் உட்கார்ந்து படித்தேன். அறுப்பு இல்லாத நாட்களில் மதகடிப்பட்டு டீக்கடையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு படித்தேன். “இன்னா தம்பி, கோர்ட்டு கேஸா?” என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரு வகையில் கேஸ்தானே அக்கா? ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒருவன் கூண்டில் நிற்கிறான். நீ அவனுக்கு எதிரான சாட்சிகளைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்கிறாய். கலிகுலா பைத்தியம், குதிரையைப் பெரிய பதவியில் உட்கார வைத்தான், சிப்பாய்களைக் கடற்கரையில் சிப்பி பொறுக்க விட்டான் என்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்கிறாய். சொன்னவர்களில் பலர் அவன் செத்து வெகுகாலம் கழித்து எழுதியவர்கள். செனட் சபைக்காரர்கள், அல்லது அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள். அந்தச் சபையை அவமானப்படுத்திய ராஜாவைப் பற்றி அவர்கள் நல்லதாக எழுதுவார்களா?

குதிரைக்குப் பதவி கொடுத்தான் என்று பழைய எழுத்திலேயே இல்லை, கொடுக்கப் போவதாகப் பேச்சு இருந்தது என்றுதான் இருக்கிறது என்று காட்டுகிறாய். அது பைத்தியம் அல்ல, கேலி என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் சொல்வதையும் எடுத்து வைக்கிறாய். ‘நீங்கள் செய்கிற வேலைக்கு என் குதிரை போதும்’ என்று சபைக்காரர்களின் முகத்துக்கு நேராகச் சொன்ன கேலி. படித்துவிட்டுச் சிரித்தேன். நம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் நிற்கும்போது எனக்கும் அது தோன்றியிருக்கிறது.

நீரோ ஊர் எரியும்போது பாடிக்கொண்டிருந்தான் என்கிறார்கள். தீப்பிடித்தபோது அவன் ஊரிலேயே இல்லை, சேதி கேட்டுத் திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டத்தைத் திறந்துவிட்டான் என்று அவனைப் பிடிக்காதவரே எழுதி வைத்திருக்கிறார் என்கிறாய். அதற்காக அவன் உத்தமன் இல்லை, பெற்ற தாயைக் கொல்ல ஆள் அனுப்பியவன் என்பதையும் அடுத்த வரியிலேயே சொல்கிறாய். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அகஸ்டஸ் பகுதியில் ஒரு கேள்வி வைத்திருக்கிறாய். வாலிபத்தில் கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களை ஊர் நடுவில் எழுதி ஒட்டிய கூட்டத்தில் அவனும் ஒருவன். வயதான பிறகு அவன் தேசத்தின் தந்தை. ‘அவன் திருந்தினானா, அல்லது அவனை எதிர்த்து எழுத ஆள் மிஞ்சவில்லையா?’ அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். பிழை திருத்துகிறவன் கோடு போடக்கூடாதாம். மேரி மேடம் கோபித்துக்கொண்டார்.

முன்பிருந்த ஆய்வாளர்கள் பழைய எழுத்தை நம்பி இந்த ராஜாக்களுக்கு வியாதியின் பெயர் தேடினார்கள். அடுத்து வந்தவர்கள் காசையும் கல்வெட்டையும் புரட்டி, வரி ஒழுங்காக வந்திருக்கிறது, சாலை போட்டிருக்கிறான் என்று அவர்களையே நல்ல நிர்வாகிகள் ஆக்கினார்கள். அதில் சிலர் கொடுங்கோலனுக்கு வெள்ளையடிக்கும் வேலையும் செய்தார்கள். இரண்டு பேரையும் நீ விடவில்லை. ஒரு மனிதனின் குணம் நமக்குத் தெரியாது. அவன் குணத்தைப் பற்றி யார், எப்போது, எந்த லாபத்துக்காகப் பேசினார்கள் என்பதுதான் தெரியும் என்று முடிக்கிறாய்.

அதற்கு முன் ஒரு வரி வருகிறது. ‘பைத்தியம் என்பது விளக்கம் அல்ல, விளக்கம் தேடுவதை நிறுத்திக்கொள்ள நாம் வைத்திருக்கும் மரியாதையான சொல்.’ அங்கே வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குமேல் அன்று ஓடவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாகூர் கொம்யூனில் ஓர் ஓரம். பாகூர் ஏரி கடல் மாதிரி, பெயர் பெற்றது. எங்களுடையது சின்ன ஏரி. அதன் தண்ணீர் நெல்லுக்கு, மீன் குத்தகைக்கு. நெல்காரனுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். மீன்காரனுக்குத் தண்ணீர் இறங்க வேண்டும். இறங்கினால்தான் மீன் ஓரிடத்தில் சேரும். குத்தகை எடுத்திருந்தவர் எங்கள் தாய்மாமன் ராமலிங்கம். அன்றும் அவர்தான், இன்றும் அவர்தான்.

மதகு ஷட்டரைத் திருகும் சாவி இரண்டு உண்டு. ஒன்று தனகோட்டியிடம் இருந்தது. காலனி ஆள். அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அந்த வேலை. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லாக அளந்து கொடுப்பார்கள், அதுதான் கூலி. இன்னொரு சாவி எப்போதும் குத்தகைக்காரரிடம். இதில் ரகசியம் எதுவும் இல்லை. ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், ஒரு காலையில் எழுந்து பார்த்தால் ஏரி பாதிக்குமேல் காலி. மதகு திறந்து கிடந்தது. வாய்க்கால் கொள்ளாமல் ஓடிய தண்ணீர் வடிகாலில் விழுந்து கடலுக்குப் போயிருந்தது. அந்தப் போகம் பாதி பதர். மாமாவுக்கு மட்டும் நல்ல மீன்.

அன்றைக்கே மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. நான் ஓசூரில் இருந்தேன். ஆனால் மாலையில் நீயே போனில் சொன்னாய். அங்கே இருந்தவர்கள் பலரிடம் இப்போது கேட்டுவிட்டேன். எல்லார் சொல்வதும் ஒத்துப்போகிறது.

ஊர்ப் பெரியவர் கேட்டிருக்கிறார்: “சாவி உங்கிட்டதானடா இருக்குது?”

மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்ற தனகோட்டி சொல்லியிருக்கிறார்: “இருக்குதுங்க. ஆனா நான் தொறக்கல.”

“அப்ப தண்ணி தானா ஓடிப் போச்சா? நல்லவாட்டுக் கடலுக்கு மாப்ள பாக்கப் போயிருக்குமா?”

எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு பெரியவர் உன் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா அமுதா. காலேஜ்ல எத்தினி ராஜா கதய எட போட்டுப் பாக்கற. இவன எட போட்டு சொல்லு.”

நீ எழுந்து சொன்னது இது: “அவர அவமானப்படுத்தாதீங்க. வேணும்னு செய்ற ஆள் இல்ல அவரு. குடிச்சிட்டா இன்னா பண்றோம்னு அவருக்கே தெரியாது. அப்படித்தான் தொறந்திருப்பாரு. விட்டுடுங்க.”

ஊரில் அவரை ‘அவர்’ என்று பேசிய ஒரே ஆள் நீ. அன்றைக்கும் மரியாதை குறையவில்லை. அந்த மரியாதையோடு தீர்ப்பு முடிந்தது. சாவியை வாங்கிக்கொண்டார்கள். போலீஸ் இல்லை, கேஸ் இல்லை. “பாவம்டா, நான்தான் விட்டுட சொன்னன்” என்றாய் போனில். உன் குரலில் நிம்மதி இருந்தது. நானும் பெருமைப்பட்டேன்.

இன்னொரு சாவியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதை வைத்திருந்தவர் உனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

ரோமாபுரியில் அடிமையின் சாட்சியத்தை எப்படி எடுப்பார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். சித்திரவதை செய்த பிறகு சொன்னால்தான் அந்தச் சாட்சியம் சட்டப்படி செல்லும். எவ்வளவு காட்டுமிராண்டித்தனம் என்று மேரி மேடம் ஓரத்தில் குறித்திருந்தார். நம் ஊர் நாகரிகமான ஊர். யாரும் அவரை அடிக்கவில்லை. கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு தனகோட்டி வீட்டுக்குக் களத்து நெல் நின்றது. ‘தண்ணித் திருடன்’ என்ற பெயர் நின்றது. அவர் வீட்டுப் பெண்கள் நடவுக்கு வந்தால், “மோட்டாரு ரூமு பக்கம் போவாதீங்கடி, தெறந்துவுட்டுடப் போறீங்க” என்று வரப்பிலிருந்து கிண்டல். நான் மெஷின் மேலிருந்து பல முறை கேட்டிருக்கிறேன். ஒரு சமயம், “வாய மூடிக்கினு வேலயப் பாருங்க” என்று கத்தினேன். “உங்க அக்கா சொன்னதுதான தம்பி” என்று பதில் வந்தது.

இப்போது இந்த மாதம் நடந்ததைக் கேள். மதகின் பழைய ஷட்டர் அடியில் இற்றுப்போய், நல்ல பகலில், மடேரென்று உடைந்தது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. அதோடு மீனும். கெண்டை, விரால், ஜிலேபி, எல்லாம் வாய்க்காலில் துள்ளிக்கொண்டு போகிறது. ஊரும் காலனியும் ஒன்றாக வாய்க்காலில் இறங்கிவிட்டன. சாதி பார்க்க அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை. நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அடியே செல்வி, முந்தானய விரிடி! விராலு போவுது!”

“விரிச்சா எம் மானம் போவுதே!”

“மானத்தக் கொழம்பு வெக்க முடியுமா? விரிடி!”

மாமா கரைமேல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். “டேய், என் மீனுடா! குத்தகடா! எவனும் தொடாதீங்க!”

“உம் பேரு எழுதின மீன மட்டும் எடுத்துக்க மாமா” என்று தண்ணீரிலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே வாய்க்காலையும் மதகையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மதகு முழுக்கத் திறந்தால் மீன் வெளியே வரும். வராமல் இருக்க ஒரே வழிதான், திறப்பதற்கு முன் மதகு வாயில் வலை கட்ட வேண்டும். அந்த வாய்க்கு அளவான கனத்த வலை குத்தகைக்காரரிடம் மட்டுமே இருக்கும். மீனை வலையால் அரித்துப் பிடிக்கிற காலத்தில் மாமாவின் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். அந்த வருஷம் ஏரி பாதி ஓடியது. வாய்க்காலில் மீன் வந்ததா?

நேராக வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நம் வீட்டுக்கும் பங்கு வந்திருந்தது.

“எம்மா, தனகோட்டிய வேலய வுட்டு நிறுத்தின அன்னிக்கு ஊர்ல யாராச்சும் மீன் புடிச்சாங்களா?”

“எப்பவோ நடந்தது. யாருக்கு நெனப்பு?”

“ஏரி பாதி காலியாச்சிம்மா. இன்னிக்கு கொஞ்சம் ஒடஞ்சதுக்கே தெருவெல்லாம் செதிலா கெடக்குது. அன்னிக்கு நம்ம வூட்ல இன்னா கொழம்பு?”

அம்மா கத்தியை நிறுத்தினாள். “புளிக்கொழம்பு” என்றாள். அடுத்த மீனை எடுத்துக்கொண்டே, “செத்தவள இதுல இழுக்காதடா” என்றாள். தன் தம்பியை இழுக்காதே என்று அவள் சொல்லவில்லை. கவனித்தாயா?

ஊரில் ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். நெல் போனது ஞாபகம் இருந்தது. யார் வயலில் எவ்வளவு பதர் என்பதுகூட ஞாபகம் இருந்தது. வாய்க்காலில் மீன் பிடித்தது ஒருவருக்கும் ஞாபகமில்லை. நடக்காததை எப்படி நினைவில் வைப்பார்கள்? உன் புத்தகத்தில் சொல்கிறாயே, எழுத்தில் இல்லாததைக் காசும் ஓட்டுச்சில்லும் சொல்லும் என்று. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் கிடைத்த ரோமாபுரி ஓட்டுச்சில்லைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். நம் ஊரில் ஓட்டுச்சில்லு தேவைப்படவில்லை. மீன் செதில் போதும்.

பாகூரில் மாமாவின் உரக்கடைக்குப் போனேன். கூட்டமில்லாத நேரம்.

“மாமா, அந்த வருஷம் மதகு வாயில வல கட்டியிருந்துச்சா?”

“எந்த வருஷம்?”

“தனகோட்டிகிட்ட சாவிய வாங்கின வருஷம்.”

“நானாடா வாங்கினன்? அன்னிக்கு நான் வாயே தொறக்கல. உங்கக்கா சொன்னா. படிச்சவ சொன்னா, ஊரு கேட்டுச்சி. இப்ப உங்கக்கா பொய் சொன்னான்றியா?”

“வல கட்டியிருந்துச்சா, இல்லியா?”

“வெயில்ல வந்திருக்க. மோரு குடிக்கிறியா?”

குடிக்கவில்லை. அவர் சொன்னதில் ஒன்று உண்மை, அக்கா. அவர் அன்று வாயே திறக்கவில்லை. அவருக்கு உன் வாய் இருந்தது.

நான் அவசரப்படுகிறேன் என்பாய். சரி, உன் வழியிலேயே நிதானமாகப் பார்க்கிறேன். மாமா தன் கையால் திறந்திருக்க வேண்டியதில்லை, ஆள் யாராவது செய்திருக்கலாம். கொஞ்சம் இறக்க நினைத்து ஷட்டர் மாட்டிக்கொண்டிருக்கலாம். அதெல்லாம் எனக்குத் தெரியாது. திறந்தவனிடம் வலை இருந்தது என்பது மட்டும் தெரியும். தனகோட்டியிடம் வலை இல்லை.

அவரைத் தேடி நல்லவாட்டுக்குப் போனேன். படகு வந்து இறங்குகிற இடத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறார். என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

“வாங்க தம்பி. ஏரி மீனு பத்தலியா, இவ்ளோ தூரம்?”

மணலில் உட்கார்ந்து சொன்னேன். ஷட்டர், மீன், வலை, எல்லாம். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். எனக்கு அன்றே தெரியும் என்பார் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

“அப்ப நான் இல்லியா?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார். “அன்னிக்கு குடிச்சிருந்தது நெசம் தம்பி. நான் தொறக்கலன்னுதான் மொதல்ல சொன்னன். ஆனா டீச்சரம்மா எழுந்து, குடிச்சா இவருக்கே தெரியாதுன்னாங்க. அவங்க என்னிக்கும் எனக்கு நல்லதுதான் பேசுவாங்க. அவங்களே சொன்னா இருக்கும்னு நெனச்சன். ஊரு பயிரையெல்லாம் நான்தான் அழிச்சன்னு அப்பவே குடிய வுட்டுட்டன். என் பொண்டாட்டி இல்ல இல்லன்னு கத்துவா. நான் அவள அடக்குவன்.”

வருஷக்கணக்காக அந்த மனுஷன் தான் செய்யாததைச் செய்ததாக நம்பிக்கொண்டு ஐஸ் தூக்கியிருக்கிறார். மற்றவர்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. நீ சொன்னதை நம்பினார்.

“இத எங்கிட்ட சொன்னா எனக்கு மட்டும்தான தம்பி தெரியும்” என்றார் எழுந்துகொண்டே. “அந்த மண்டபத்துலயே சொல்ல முடியுமா?” வேலையைக் கேட்கவில்லை. விட்டுப்போன நெல்லைக் கேட்கவில்லை.

அக்கா, அந்த மண்டபத்தில்தான் வரும் ஞாயிற்றுக்கிழமை உன் புத்தக வெளியீடு. உன் படத்தையும் திறக்கிறார்கள். திறக்கிறவர் ராமலிங்கம் மாமா. தாய்மாமன் உரிமை. காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவர்தான் படத்தையும் திறக்க வேண்டுமாம். குடும்பத்தின் சார்பில் பேச என்னைச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லதா நாலு வார்த்த பேசிட்டு உக்காந்துடுடா” என்றாள்.

நல்லதாகப் பேசச் சாட்சி நிறைய இருக்கிறது. மேரி மேடம் சொல்கிறார், அமுதா யாரையும் அவசரமாக எடை போட்டதில்லை. மாமா சொல்கிறார், நியாயம் தெரிந்தவள். அம்மா சொல்கிறாள், தங்கம். உன்னால் கெட்டுப்போன தனகோட்டியே சொல்கிறார், நல்லதுதான் பேசுவாங்க. உனக்கு எதிராக ஒரு குரல்கூட இல்லை. எதிர்க்குரலே இல்லாத ராஜாவைப் பற்றி நீ என்ன எழுதியிருப்பாய்?

எனக்குத் தெரிந்தவற்றை வைத்துப் பார்க்கிறேன். பெண்ணுக்குக் காலேஜ் எதற்கு என்று அப்பா நின்றபோது, அவரோடு சண்டை போட்டு உன்னைச் சேர்த்துவிட்டவர் மாமா. இரண்டு சாவி இருப்பது உனக்குத் தெரியும். மதகு திறந்தால் மீன் ஓடும் என்பது தெரியும். பாவாடையில் மீன் பிடித்து அம்மாவிடம் அடி வாங்கியவள் நீ. அன்றைக்கு நம் வீட்டில் புளிக்குழம்பு. நீயும் சாப்பிட்டாய். அந்த நாட்களில்தான் கலிகுலா அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தாய். இவ்வளவுதான் ஆதாரம். இதற்கு மேல் உன் மனதுக்குள் போக எனக்கு வழியில்லை.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, நீ யோசிக்கவே இல்லை. காலனிக்காரர், குடிக்கிறவர், கையில் சாவி என்று மூன்றும் சேர்ந்ததும், எதையும் சந்தேகப்படுகிற உன் மூளை கதவைச் சாத்திக்கொண்டது. செனட்காரனின் எழுத்தில் சாய்வைக் கண்டுபிடிக்கிற உனக்கு, நாம் உட்காருகிற நாற்காலியின் சாய்வு தெரியவில்லை. இன்னொன்று, நீ யோசித்தாய். பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தெரிந்து, அவரையும் காப்பாற்றி, தனகோட்டியையும் போலீசிடமிருந்து காப்பாற்ற, இருப்பதிலேயே மென்மையான பொய்யைத் தேர்ந்தெடுத்தாய்.

எது உனக்குக் கௌரவம் என்று எனக்குத் தெரியவில்லை. முதலாவது என்றால் உன் படிப்பு எதற்கு? இரண்டாவது என்றால் நீ யார்?

ஞாயிற்றுக்கிழமை நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். தனகோட்டியையும் அவர் மனைவியையும் நானே போய் அழைத்து வருவேன். வெளியே வெயிலில் நிற்க விடமாட்டேன்; முன்வரிசையில் நாற்காலி போடுவேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும். உன் படத்தைத் திறப்பதற்கு முன் மைக்கைப் பிடித்து, அந்த வருஷம் யார் வீட்டில் மீன் குழம்பு என்று ஊரைக் கேட்பேன். வலையைப் பற்றி மாமாவைக் கேட்பேன். அவர் பதில் சொல்லாவிட்டால், சொல்லவில்லை என்பதையும் மைக்கிலேயே சொல்வேன். தனகோட்டி திறக்கவில்லை, என் அக்கா சொன்னது தவறு என்று உன் பெயரைச் சொல்லியே சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அம்மா என்னோடு பேசமாட்டாள். பரவாயில்லை.

ஆனால் தவறு என்ற சொல்லோடு நிறுத்துவதா, பொய் என்று சொல்வதா? தனகோட்டி கேட்டால் நான் எதைச் சொல்ல? இதை மேரி மேடத்திடம் கேட்க முடியாது. மாமாவிடம் கேட்டால் மோர் தருவார். நீ ஒருத்திதான் சொல்ல முடியும்.

அவரைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னபோது உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், அக்கா.

உன் கூடப்பிறந்த தம்பி,
குமரவேல்